திரும்பாத நினைவு

முப்பது வருடமாக ஒரு பொங்கலுக்குக்கூட எட்டிப்பார்க்காத மதினி, மாசி வெயிலில் வந்து வாசலில் நின்றபோது, அண்ணன் செத்துப்போய்விட்டான் என்றுதான் தமயந்தி முதலில் நினைத்தாள். அழுகை வருகிறதா என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. கதவை அகலத் திறந்து, "வாங்க மதினி" என்றாள்.

சுபாஷிணி சோபாவின் நுனியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திண்டுக்கல்லிலிருந்து காரைக்கால்வரை வந்த களைப்பைவிட, வந்த விதம்தான் அவளை அதிகம் மிரட்டியிருந்தது.

"வண்டியில முன்னால யாருமே இல்ல தமயந்தி. அதுவா திரும்புது, அதுவா நிக்குது. உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

"போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணுனா நீ எடுத்திருப்பியா?"

தமயந்தி நாற்காலியை இழுத்து, மதினி தன் வலப்பக்கம் வரும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது காது அவளுக்குக் கேட்காது. கல்லூரியில் வேதியியல் வகுப்பெடுக்கும்போதும் மாணவர்களை வலப்பக்கமாகவே உட்காரவைப்பாள். கேட்பவர்களிடம் சின்ன வயதில் காதில் சீழ் பிடித்தது என்று சொல்லிவைத்திருந்தாள்.

அண்ணன் சாகவில்லை. ஐப்பசியில் ரத்தினவேலுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை மீட்டுவிட்டார்கள். ஆனால் காய்ச்சல் அவன் நினைவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பேசத் தெரிகிறது, சட்டைக்குப் பொத்தான் போடத் தெரிகிறது, கணக்குப் போடத் தெரிகிறது. தான் யார் பிள்ளை, யார் புருஷன் என்பது மட்டும் தெரியவில்லை.

"என்னைய 'நர்சம்மா'ன்னு கூப்புடுறாரு. முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவள." சுபாஷிணி சிரிக்க முயன்று தோற்றாள். "மதுரையில நினைவொட்டு செய்யிறாங்க. நாம பாத்தது கேட்டதை எடுத்து அவரு மண்டையில ஒட்ட வெப்பாங்களாம். நானும் குடுத்தேன். எம்மகன் கனடாவுல இருந்து வந்து குடுத்துட்டுப் போனான். எதுவும் தங்க மாட்டேங்குது. இன்னக்கி ஒட்டுனது மறுவாரம் உதுந்துருது. சின்ன வயசு நெனப்பு இருந்தாத்தான் மேல ஒட்டுறது புடிக்குமாம். ஒங்க அப்பா அம்மா இல்ல. அந்த வீட்டுல அவரோட வளந்த ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

"யோசிச்சுச் சொல்றேன் மதினி."

"யோசி. ஆனா வா."

யோசித்ததென்னவோ உண்மை. ஆனால் அது இரக்கத்தால் வந்த யோசனை அல்ல. அண்ணன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்ற செய்தி அவளுக்குள் ஓரிடத்தில் போய்ச் சுட்டது. செய்தவன் மறந்துவிட்டு நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருக்கிறான். பட்டவள் மட்டும் சுமந்துகொண்டு அலைகிறாள். அந்த நிம்மதியை நேரில் பார்க்க வேண்டும் போலிருந்தது. கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மதுரைக்குக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி அறையில் ரத்தினவேல் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க, ஒக்காருங்க. நீங்க என் தங்கச்சின்னு சொன்னாங்க. எனக்கு நெனப்பு இல்லைங்கறதுக்காகத் தப்பா எடுத்துக்காதீங்க." பழத்தைப் பாதியாகப் பிய்த்து அவளிடம் நீட்டினான். "நல்லா இனிப்பா இருக்கு."

முப்பது வருடமாகத் தனியாக இருக்கும் நேரமெல்லாம் அவள் இவனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பதப்படுத்தி வைத்திருந்தாள். ஒரு சொல் கூடக்குறைய இல்லாமல் அது தயாராக இருந்தது. கேட்க வேண்டியவன் மட்டும் இல்லை. அவன் இருந்த உடம்பில் வேறு யாரோ ஒரு நல்ல மனிதர் குடியிருந்தார். அவள் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் ரெஹானா சுருக்கமாகப் பேசுகிறவர்.

"மாமரத்துல ஒட்டுக் கட்டுற மாதிரிதான் மேடம். உங்க நினைவுல ஒரு துண்டை அவருக்கு வைக்கிறோம். உங்ககிட்ட இருக்கிறது குறையாது. நீங்க அவரை வெளியில இருந்து பாத்திருப்பீங்க. அவர் மூளை அதை வாங்கினதும் கொஞ்ச நாள்ல தானே திருப்பிப் போட்டுக்கும். நீங்க பாத்த அண்ணன், அவருக்கு 'நான்' ஆயிரும்."

"எல்லாமே அப்படித் திரும்பிருமா?"

"ரொம்பப் பயந்த நினைவு திரும்பாது. அது கொடுத்தவங்க கண்ணுல இருந்தே நின்னுரும். நீங்க பயந்தது அவருக்கே நடந்த மாதிரி இருக்கும். அதனால அடி, விபத்து, சாவு இதெல்லாம் நாங்க வாங்கறதில்ல. கொடுக்கிறப்ப நீங்கதான் அதையெல்லாம் நினைக்காம ஒதுக்கி வைக்கணும். உள்ள என்ன போகுதுன்னு எங்களால பாக்க முடியாது. பாக்கச் சட்டமும் விடாது. உங்களை நம்பித்தான் செய்யறோம்."

"புரியுது" என்றாள் தமயந்தி.

முதல் சில அமர்வுகள் அவள் எதிர்பார்த்ததைவிடச் சிரமமாக இருந்தன. கெட்டதை ஒதுக்குவதில் ஒன்றும் சிரமமில்லை. நல்லதை எடுப்பதுதான் வலித்தது. தலையைச் சுற்றி மெல்லிய வலைத்தொப்பியை மாட்டிச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, அண்ணனைப் பற்றி ஏதாவது நினையுங்கள் என்பார்கள். அவள் தானே பூட்டிச் சாவியைத் தொலைத்திருந்த அறைகளெல்லாம் திறந்துகொண்டன. அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினொன்று, அவனுக்குப் பத்தொன்பது. அன்றோடு கல்லூரியை விட்டுவிட்டுப் பெயிண்ட் கடையில் சம்பளத்துக்குப் போனான். அவளுக்கு அம்மை போட்டு உள்ளறையில் படுத்திருந்தபோது, உள்ளே போகாதே என்று அம்மா தடுத்துவிட்டதால், வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு தான் பார்த்த சினிமாக் கதையையெல்லாம் சண்டைச் சத்தத்தோடு சொன்னான். முதன்முதலில் அவள் கல்லூரிக்குப் போன நாளில் பஸ் ஏற்றிவிட வந்து, பஸ் கிளம்பிய பிறகும் வண்டியில் பின்னாலேயே வந்தான். சிக்னலில் பஸ் நின்றபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினான். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இப்படி ஒருவனை அவள் இழந்திருந்தாள். அந்த இழப்புக்கு அவள் ஒருநாளும் அழுததில்லை. கோபம் அழவிடவில்லை.

ஒட்டுகள் பிடிக்கத் தொடங்கின. ஒருநாள் அவள் அறைக்குள் நுழைந்தபோது ரத்தினவேல், "வா தாயி" என்றான். சின்ன வயதில் அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். சுபாஷிணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மத்தியானம் தமயந்தியும் மதினியும் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சந்தோஷத்தில் சுபாஷிணிக்கு மனம் இளகியிருந்தது. தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பெரிய மனசுக்காரி. பழச மனசுல வெச்சுக்காம வந்த. நீ அன்னக்கி தங்கதுரை அண்ணன் மேல சொன்ன பொய்யையெல்லாம் இப்ப யாரு நெனச்சுக்கிட்டு இருக்கா? வயசு அப்படி. ஒங்க அண்ணன் ஒன்னைய எப்பவோ மன்னிச்சிட்டாரு. எங்கிட்டயே சொல்லியிருக்காரு."

தமயந்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் கை கழுவினாள்.

நடந்தது இதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயது. ரத்தினவேல் தன் சிநேகிதன் தங்கதுரையோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாகப் பெயிண்ட் கடை வைத்திருந்தான். ஒருநாள் மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அண்ணன் வெளியே போயிருந்தான். பின்பக்கக் கிடங்கில் வைத்துவிட்டுப் போ என்று தங்கதுரை சொன்னான். அவள் உள்ளே போனதும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். அடுக்கியிருந்த பெயிண்ட் டின்களை அவள் பிடித்துத் தள்ளினாள். அந்தச் சத்தத்தில் அவன் பிடி தளர்ந்த நேரத்தில் ஓடிவந்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னாள். முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. கை ஓங்கியதுதான் தெரிந்தது. இடது காதுக்குள் விசில் அடித்தமாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து உலகம் அணைந்துபோனது. அப்புறமும் அடி விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. மறுநாள் அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தங்கதுரையின் முன்னால் நிறுத்தினான். "நான் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லவைத்தான். தங்கதுரை கண்ணாடிக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, "பரவால்ல, சின்னப்புள்ளதானே" என்றான்.

அதிலிருந்து 'மன்னிப்பு' என்ற சொல்லையே அவளால் வாயில் வைக்க முடியவில்லை. பஸ்ஸில் யாரையாவது தெரியாமல் மிதித்துவிட்டால்கூட ஆங்கிலத்தில் 'சாரி' என்பாள்.

அடியைவிடவும் அவமானத்தைவிடவும் ஒரு கேள்விதான் அவளை அரித்தது. அண்ணன் அன்று அவளை நம்பினானா? நம்பாமல் அடித்தானா, நம்பினால் கடை போய்விடும் என்பதால் அடித்தானா? அதற்கான பதில் அவன் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. காய்ச்சல் அதையும் தின்றுவிட்டது. எஞ்சியிருப்பது, அவன் மன்னித்த கதை. அவள் பொய் சொன்ன கதை.

மறுநாள் கடைசி அமர்வு. வலைத்தொப்பியை மாட்டும்போது டாக்டர் வழக்கம்போல், "நல்லதா நினைச்சுக்கங்க மேடம்" என்றார். தமயந்தி கண்ணை மூடினாள். கிடங்கின் வாசலை நினைத்தாள். பெயிண்ட் தின்னர் வாசனையை நினைத்தாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஒன்றையும் விடாமல் நினைத்து முடித்தாள். கண்ணைத் திறந்தபோது கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"உணர்ச்சிவசப்படுறது சகஜம்தான்" என்று டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

காரைக்காலுக்குத் திரும்பிய பிறகு தமயந்தி நன்றாகத் தூங்கினாள். பழிவாங்கினோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. அவன் பங்கை அவனிடம் கொடுத்தோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டாள். சித்திரை கழிந்தது. வைகாசியில் ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சுபாஷிணி கூப்பிட்டாள். இந்தமுறை தமயந்தி போனை எடுத்தாள்.

"இடது காது கேக்கலங்குறாரு. மூணு டாக்டரு பாத்தாச்சு. காது நல்லாத்தான் இருக்காம். ஆனா தலையச் சாச்சுச் சாச்சுத்தான் பேச்சுக் கேக்குறாரு. கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கிடங்குப் பக்கம் காலெடுத்து வெக்க மாட்டேங்குறாரு. கூடத்துல மாட்டியிருந்த எங்க கல்யாண போட்டோவக் கழட்டிச் செவுத்தப் பாக்கத் திருப்பி வெச்சுட்டாரு."

தமயந்தி போனை வலது காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நேத்து தங்கதுரை அண்ணன் பழமெல்லாம் வாங்கிட்டுப் பாக்க வந்தாரு. அவரப் பாத்ததும் ஒங்க அண்ணன் எந்திரிச்சு ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டாரு. என் சேலையக் கொத்தாப் புடிச்சுக்கிட்டாரு. அறுவது வயசு ஆம்பள தமயந்தி. ஒடம்பெல்லாம் நடுங்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ அன்னக்கிச் சொன்னது நெசமா?"

முப்பத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் மதினிதான்.

"ஆமா மதினி. நெசம்."

"அவரு ஒன்னைய மன்னிச்சிட்டாருன்னு ஒம் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே" என்று சுபாஷிணி அழத் தொடங்கினாள். அழுது ஓய்ந்ததும் குரல் மாறியது. "அதுக்காக இப்படிச் செய்யலாமா? ஒண்ணும் தெரியாத மனுஷன். பச்சப்புள்ள மாதிரி இருக்காரு. அவரப் போயி..."

அந்த வாரமே தமயந்தி திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினாள்.

திண்டுக்கல் வீட்டில் பின்கட்டு அறையில், ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு ரத்தினவேல் உட்கார்ந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"வந்துட்டியா தாயி. ஒங்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். சுபாகிட்டச் சொல்லக் கூச்சமா இருக்கு. கதவச் சாத்து. இல்ல, வேணாம், சாத்தாத. தொறந்தே இருக்கட்டும்."

அவள் அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் தலையைச் சாய்த்து, சன்னமான குரலில் சொல்லத் தொடங்கினான். சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சொன்னான். சாத்திய கதவைச் சொன்னான். டின்கள் உருண்ட சத்தத்தைச் சொன்னான். பச்சைச் சுடிதாரின் துப்பட்டா கதவு இடுக்கில் மாட்டிக் கிழிந்ததைச் சொன்னான். அதை அவள் இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. தன் வாழ்க்கையை இன்னொருவர் வாயிலிருந்து, தப்பில்லாமல் கேட்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வீட்டுக்கு வந்து சொல்றேன். அந்த ஆளு அடிக்கிறான். பொய் சொல்றேன்னு அடிக்கிறான். நான் பொய் சொல்லல தாயி. சத்தியமாச் சொல்லல. ஒருத்தரும் நம்பல. அம்மாகூட வெளிய வரல." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நீயாவது நம்புறியா?"

அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் அவள் இத்தனை காலம் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்கவேண்டியவள் அவள். பதில் சொல்ல வேண்டியவன் அவன். எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

"நம்புறேண்ணே" என்றாள். "முழுசா நம்புறேன்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு மெல்ல, தடுமாறித் தடுமாறிப் பேசினான்.

"ஆனா ஒண்ணு புரியல. நான் ஆம்பள. நான் எதுக்குச் சுடிதார் போட்டிருக்கேன்? கையப் பாத்தா வளையல் கெடக்கு. இது என்னோடது இல்லல்ல?"

அவன் தான் பிடித்திருந்த மணிக்கட்டைப் பார்த்தான்.

"ஒன்னோடது. டாக்டரம்மா ஒட்டுனது."

"ஆமாண்ணே."

"அந்த அடிச்ச ஆளு, கல்யாண போட்டோவுல இருக்கான். சுபா பக்கத்துல மாலையோட நிக்கிறான்."

தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். வேறு யாரோ என்று சொல்லிவிடலாம். இப்போதிருக்கும் இந்த மனிதன் அதையும் நம்புவான். தொண்டைவரை வந்த பொய்யை அவளால் வெளியே தள்ள முடியவில்லை.

ரத்தினவேல் அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாந்தானா?"

"ஆமாண்ணே."

வெளியே தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தக்காளி விலை சொல்லிக்கொண்டே போய் மறைந்தது. அப்புறம் அவன் கேட்டான்: "அன்னக்கி அவன் ஒன்னைய நம்புனானா?"

"அது ஒனக்குத்தாண்ணே தெரியும்."

"எனக்குத் தெரியலையே தாயி. தேடிப் பாக்குறேன். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அவன் மூஞ்சிதான் தெரியுது. உள்ள என்ன நெனச்சான்னு தெரியல." அவன் உதடு ஏதோ ஒரு சொல்லை உருட்டிப் பார்த்தது. வரவில்லை. "அந்த வார்த்தையச் சொல்லலாம்னா, வாயத் தொறந்தா அந்தக் கடையில நிக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால தங்கதுரை ஒக்காந்திருக்கான். அவன்கிட்டச் சொல்ற மாதிரியே இருக்கு. சொல்ல வரமாட்டேங்குது."

"சொல்ல வேணாம்" என்றாள் அவள் அவசரமாக. "எனக்கும் அது வராது. சொல்லாத."

பிறகு அவளே சொன்னாள்: "அண்ணே, அதை எடுத்திரலாம். டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒஞ் சம்மதம் இருந்தாப் போதும். நான் தெரிஞ்சேதான் குடுத்தேன். ஒனக்கு வலிக்கணும்னுதான் குடுத்தேன்."

"வலிக்குது" என்றான் அவன். குற்றம் சொல்கிற குரலாக இல்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

"அதான் சொல்றேன். ஒனக்கு வேணாம். எங்கிட்டயே இருக்கட்டும். எனக்குப் பழகிருச்சு."

"எடுத்துட்டா நீ சொன்னது மறுபடி பொய்யாயிருமே."

"ஆகட்டும்."

ரத்தினவேல் தலையை ஆட்டினான். "ஒனக்குப் பழகிருச்சுல்ல. எனக்கும் பழகட்டும்."

பழகவில்லை. பயந்த நினைவு மங்குவதற்குப் பல வருடம் பிடிக்கும், மங்காமலேகூடப் போகலாம் என்று டாக்டர் ரெஹானா சொன்னார். என்ன கொடுத்தீர்கள் என்று அவர் தமயந்தியிடம் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு அவளிடம் பழையபடி முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

ரத்தினவேல் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்கள் வந்தபோதெல்லாம் நடந்ததைச் சொன்னான். என் தங்கச்சி பொய் சொல்லல, தங்கதுரை இப்படிச் செஞ்சான், நான் அவளப் போட்டு அடிச்சேன் என்று ஒருவர் விடாமல் சொன்னான். கேட்டவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு வாசலுக்கு வந்து, காய்ச்சலில் மூளை கலங்கிவிட்டது என்று சுபாஷிணியிடம் துக்கம் விசாரித்தார்கள். தங்கதுரை ஊருக்குப் பெரிய மனுஷன். கோயில் கமிட்டியில் இருப்பவன். பாவம் ரத்தினவேல், கூடப்பிறந்தவனைப்போல் இருந்தவனைப் பற்றியே என்னென்னவோ உளறுகிறான் என்று ஊர் பேசியது. ஒருவரும் நம்பவில்லை. அவன் ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்துவிட்டு எதிராளி முகத்தைத் தேடுவான். அந்தத் தேடலைத் தமயந்தி அறிவாள்.

கடையைத் தங்கதுரையே முழுதாக எடுத்துக்கொண்டான். சுபாஷிணி அவனை வீட்டுப்படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சில நாள் அவள் தமயந்தியிடம் அன்பாக இருப்பாள். சில நாள், "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்று அடுப்படியிலிருந்து காதில் விழும்படி சொல்வாள். தமயந்தி இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை திண்டுக்கல் போவது வழக்கமாயிற்று. அண்ணனை மன்னித்துவிட்டோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து சிலநேரம் யோசிப்பாள். மன்னிப்பது என்றால் ஒருநாள் காலையில் எழுந்திருக்கும்போது பாரம் காணாமல் போயிருக்கும் என்று எண்ணியிருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோபம் இருந்தது. கோபிப்பதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. அந்த இருபத்தேழு வயதுக்காரனை அவளைவிட அதிகமாக வெறுத்துக்கொண்டு, அவன் உடம்பிலேயே ஒருவன் வாழ்ந்துகொண்டிருந்தான். அந்த ஒருவனுக்கு ஆறுதலாகப் போய் உட்கார்ந்து வருவதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

மறுவருடம் ஆடி மாதத்தில் ஒருநாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ரத்தினவேல் படுத்திருந்தான். சுபாஷிணி மருந்து வாங்கப் போயிருந்தாள். தமயந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரி வேலை எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடித்தது.

தூக்கத்தில் அவன் முனகினான். முழங்காலை மடக்கிச் சுருண்டுகொண்டான். இரண்டு கையாலும் இடது காதைப் பொத்திக்கொண்டான். மூடிய கண்ணோரத்தில் நீர் வழிந்தது. அப்புறம் மெலிந்த, அவனுடையதல்லாத ஒரு குரலில் சொன்னான்:

"அடிக்காதண்ணே... அண்ணே, வலிக்குதுண்ணே, அடிக்காதண்ணே..."

தமயந்தி எழுந்தாள். எழுப்பிவிடத்தான் கையை நீட்டினாள். நீட்டிய கை அவன் நரைத்த தலைமேல் போய் நின்றது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அதற்கு அன்றைக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை என்பதும் தெரியும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் காதிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குனிந்து சொன்னாள்:

"இல்ல தாயி. அண்ணன் இனிமே அடிக்க மாட்டேன். நீ சொன்னத நான் நம்புறேன். தூங்கு."

மடங்கியிருந்த முழங்கால் மெல்ல நீண்டது. தெருக்கதவு திறந்து சுபாஷிணி உள்ளே வந்தபோது அவன் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தமயந்தி அழுதுகொண்டே அவன் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.